கிளாஸ் மெத்தடா, இன்ஸ்டன்ஸ் மெத்தடா: பைதன் பழகுவோருக்குப் படிப்படியான வழிகாட்டி

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்து, பைதனில் நிபந்தனை, வளையம், சார்பு ஆகியவற்றை ஓரளவு கடந்துவிட்டு, இப்போது டிப்ளோமாவிலோ கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் முதலாம் ஆண்டிலோ பொருள் நோக்கு நிரலாக்கத்தைத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வகுப்பு என்றால் என்ன, பொருள் என்றால் என்ன என்பதைப் பெரும்பாலானோர் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். சிக்கல் அடுத்த படியில்தான் வருகிறது. ஒரு மெத்தடை, அதாவது வகுப்புக்குள் இருக்கும் சார்பை, எழுதும்போது அதை வகுப்புக்கு உரியதாக (கிளாஸ் மெத்தட்) எழுதுவதா, ஒவ்வொரு பொருளுக்கும் உரியதாக (இன்ஸ்டன்ஸ் மெத்தட்) எழுதுவதா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் பலரும் ஊகத்தில் எழுதுகிறார்கள். எனக்குக் கிடைத்த பாடக் குறிப்புகளும் வரைவிலக்கணத்தோடு நின்றுவிட்டன. செய்து பார்த்துப் பிழைச் செய்திகளோடு மல்லுக்கட்டித்தான் இது எனக்குப் பிடிபட்டது. அந்த அலைச்சலை நீங்கள் தவிர்க்கலாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

காசு செலவில்லை. பைதன் இலவசம், விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு ஏறத்தாழ 30 மெகாபைட் அளவில்தான் இருக்கும், அதனுடன் ஐடில் என்னும் எழுதுகருவியும் சேர்ந்தே வரும். வேறு பெரிய மென்பொருள் எதுவும் இந்தப் பாடத்துக்குத் தேவையில்லை. பைதனின் அதிகாரபூர்வ ஆவணத் தொகுப்பைப் பொதி செய்யப்பட்ட கோப்பாக ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால், டேட்டா தீர்ந்த நாளிலும் படிக்கலாம். அதில் பயிற்சிப் பகுதியின் 9ஆம் அத்தியாயம் வகுப்புகளைப் பற்றியது. இந்தக் கட்டுரையை முடித்துவிட்டு அதைப் படித்தால், முன்பு வறட்சியாகத் தெரிந்த பத்திகள் பேசத் தொடங்கும்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2 முதல் 4 வரையான படிகளை ஒரே மாலையில் செய்து முடிக்கலாம். 5ஆம், 6ஆம் படிகளுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அவற்றை அவசரமாகக் கடந்தவர்கள்தான் செய்திட்டம் ஒப்படைக்கும் வாரத்தில் திண்டாடுகிறார்கள். மீதி எல்லாம் வாசிப்பு.

பைதன் 3இல் மாறிகள், வகுப்புகள், மெத்தட்கள் ஆகியவற்றுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயரிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. மொழிக்குரிய கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கீழே தனி வரிகளில் தரும் எடுத்துக்காட்டுகளை, வகுப்பை எழுதி முடித்த பின் அப்படியே தட்டினாலும் ஓடும். பரீட்சைத் தாளிலும் வேலையிடத்திலும் ஆங்கிலப் பெயர்களே வழக்கம் என்றாலும், கருத்து பிடிபடும் வரை தமிழ்ப் பெயர்களில் பழகுவதில் தவறில்லை.

2. விசைப்பலகையைத் தொடாமல் கொப்பியில் பிரித்து எழுதுங்கள்

நிலாவெளிக் கடற்கரையிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வள்ளங்களுக்கு ஒரு சிறு செய்நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கணினி இல்லாமல் இதே வேலையைச் செய்யும் ஒருவர் ஒரு கொப்பி வைத்திருப்பார். முன்னட்டையின் உட்பக்கத்தில், ஆளுக்கு எவ்வளவு கட்டணம், இன்று கடலுக்குப் போகலாமா கூடாதா, மொத்தம் எத்தனை வள்ளங்கள் என்று எழுதியிருப்பார். அதற்குப் பிறகு வள்ளத்துக்கு ஒரு பக்கம்: கடலரசி, பத்து இருக்கை, இப்போது நான்கு பேர் ஏறியிருக்கிறார்கள், அலைமகள், எட்டு இருக்கை, இன்னும் யாரும் ஏறவில்லை. கட்டணம் மாறினால் அட்டையின் உட்பக்கத்தில் ஓரிடத்தில் வெட்டி எழுதினால் போதும். ஆள் ஏறினால் அந்த வள்ளத்தின் பக்கத்தைப் புரட்டியே ஆக வேண்டும்.

உங்கள் கொப்பியிலும் இப்படியே இரண்டு நிரல் கீறுங்கள். இடப்பக்கத்தில், எல்லாப் படகுக்கும் பொதுவான மதிப்புகள்: கட்டணம், கடல் நிலை, எண்ணிக்கை. வலப்பக்கத்தில், படகுக்குப் படகு மாறும் மதிப்புகள்: பெயர், இருக்கை, ஏறியவர்கள். அதற்குக் கீழே செய்ய வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த வேலையைச் செய்ய எந்தப் படகு என்று தெரிய வேண்டுமா?

நான்கு பேரை ஏற்றுவதற்கு எந்தப் படகு என்று தெரிய வேண்டும். ஆகவே அது இன்ஸ்டன்ஸ் மெத்தட். மீதி இடம் எவ்வளவு என்று பார்ப்பதும் அப்படியே. வாடைக்காற்று எழுந்து வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுத்த நாளில் எல்லாவற்றையும் நிறுத்துவதற்கு எந்தப் படகும் தெரிய வேண்டியதில்லை. ஆகவே அது கிளாஸ் மெத்தட். ஒரு படகில் உயிர்காப்பு அங்கி போதவில்லை என்பதால் அதை மட்டும் நிறுத்துவது மறுபடியும் இன்ஸ்டன்ஸ் மெத்தட். இரண்டும் நிறுத்தம்தான் என்றாலும், எதை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதில் வேறுபடுகின்றன. பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதற்காகவே இந்த இணையைச் சொல்கிறேன்.

கேள்விக்கு விடை இரண்டும் வேண்டும் என்று வந்தால், அதாவது ஒரு படகின் இன்றைய வருமானத்தைக் கணக்கிட அதில் ஏறியவர்களும் பொதுக் கட்டணமும் தேவைப்பட்டால், அது இன்ஸ்டன்ஸ் மெத்தட்டே. பொருளின் பக்கம் நின்றுகொண்டு வகுப்பின் மதிப்பைப் படிக்க முடியும். வகுப்பின் பக்கம் நின்றுகொண்டு எந்தப் பொருள் என்று தெரியாமல் அதன் மதிப்பைப் படிக்க முடியாது.

3. இன்ஸ்டன்ஸ் மெத்தடை எழுதி, வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

படகு என்ற வகுப்பை எழுதி, பொருள் உருவாகும்போது தானாக ஓடும் அதன் தொடக்க மெத்தடில் (__init__) பெயரையும் இருக்கையையும் பெற்று, ஏறியவர்களின் எண்ணிக்கையைச் சுழியமாக வையுங்கள். பிறகு ஏற்று என்றொரு மெத்தடும் இடமீதி என்றொரு மெத்தடும் எழுதுங்கள். இரண்டுக்கும் முதல் இடத்தில் செல்ஃப் (self) இருக்க வேண்டும். ஏற்று மெத்தடுக்கு அதற்கு அடுத்து, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதைப் பெற, பேர் என்ற ஓர் ஆர்கியூமென்ட் (அழைக்கும்போது அடைப்புக்குறிக்குள் கொடுக்கும் மதிப்பு) வேண்டும்.

கடலரசி = படகு("கடலரசி", 10)
கடலரசி.ஏற்று(4)

இரண்டாம் வரியில் நீங்கள் ஒரு மதிப்பைத்தான் கொடுத்தீர்கள். மெத்தடோ இரண்டை எதிர்பார்க்கிறது. புள்ளிக்கு முன்னால் நிற்கும் பொருளைப் பைதனே எடுத்து முதல் இடத்தில் வைத்துவிடுகிறது. இதைக் கண்ணால் காண வேண்டுமானால் பின்வருமாறு எழுதுங்கள். அதே வேலை நடக்கும்.

படகு.ஏற்று(கடலரசி, 4)

இந்த இரண்டு வரிகளும் ஒன்றே என்பது விளங்கினால் பாடத்தின் பாதி முடிந்தது. செல்ஃப் என்பது மொழியின் கட்டளைச் சொல் அல்ல, முதல் இடத்தில் வரும் பெறுநருக்கு எல்லோரும் ஒப்புக்கொண்டு வைத்த பெயர் மட்டுமே. வேறு பெயர் வைத்தாலும் ஓடும், ஆனால் உங்கள் செய்நிரலைப் படிப்பவர் சபிப்பார்.

இனி உடைத்துப் பாருங்கள். பிழைச் செய்திகளைக் கண்டு பழகியிருப்பது பின்னால் மணிக்கணக்கான நேரத்தை மிச்சப்படுத்தும். படகு.இடமீதி() என்று வகுப்பின் பெயரால் அழைத்தால், செல்ஃப் என்ற ஆர்கியூமென்ட் வந்து சேரவில்லை என்று பைதன் சொல்லும். அது தெளிவான செய்தி. ஆனால் படகு.ஏற்று(4) என்று அழைத்தால், பேர் என்ற ஆர்கியூமென்ட் இல்லை என்று சொல்லும். நான்கு என்று கொடுத்திருக்கிறேனே என்று நீங்கள் திரையைப் பார்த்து வாதாடுவீர்கள். நடந்தது இதுதான்: புள்ளிக்கு முன்னால் பொருள் இல்லாததால் அந்த 4 செல்ஃபின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, பேருக்குரிய இடம் வெறுமையாகிவிட்டது. கொடுத்த மதிப்பையே காணவில்லை என்று செய்தி சொன்னால், மதிப்பைத் தேடாதீர்கள். புள்ளிக்கு முன்னால் நிற்பது பொருளா வகுப்பா என்று பாருங்கள்.

மறுபுறம், இடமீதி மெத்தடை எழுதும்போது செல்ஃபை விட்டுவிட்டுக் கடலரசி.இடமீதி() என்று அழைத்தால், சுழியம் எதிர்பார்த்த இடத்தில் ஒன்று வந்திருக்கிறது என்று செய்தி வரும். அடைப்புக்குறிக்குள் நீங்கள் எதையும் வைக்கவில்லை. வந்த அந்த ஒன்று கடலரசியேதான்.

4. கிளாஸ் மெத்தடை எழுதுங்கள்

வகுப்பின் உடலில், மெத்தட்களுக்கு வெளியே, கட்டணம் என்ற மாறிக்கு ஒரு மதிப்பு வையுங்கள். பிறகு கட்டணத்தை_மாற்று என்ற மெத்தடை எழுதுங்கள். அதற்கு நேர்மேல் வரியில் அட் குறியிட்டு கிளாஸ்மெத்தட் (@classmethod) என்று எழுத வேண்டும். முதல் இடத்தில் செல்ஃபுக்குப் பதிலாக சிஎல்எஸ் (cls) என்று எழுதுவது வழக்கம். அந்த மேல்வரிதான் வேலையைச் செய்கிறது. சிஎல்எஸ் என்று பெயர் வைத்துவிட்டு மேல்வரியை மறந்தால், அது பெயர் மாறிய இன்ஸ்டன்ஸ் மெத்தட்தான்.

படகு.கட்டணத்தை_மாற்று(600)

இங்கே புள்ளிக்கு முன்னால் நிற்பது வகுப்பு. பைதன் அதையே முதல் இடத்தில் வைக்கிறது. எந்தப் படகும் இன்னும் உருவாக்கப்படாத நிலையிலும் இந்த வரி ஓடும்.

இரண்டு வகை மெத்தட்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பைதனின் வாயாலேயே சொல்ல வைக்கலாம். அடைப்புக்குறி இல்லாமல் மெத்தடின் பெயரை மட்டும் ஐடிலில் தட்டி என்டர் அழுத்துங்கள். கடலரசி.இடமீதி என்று தட்டினால், கடலரசி என்ற பொருளோடு பிணைக்கப்பட்ட மெத்தட் என்று காட்டும். படகு.இடமீதி என்று தட்டினால், வெறும் சார்பு என்று காட்டும். இன்னும் யாரோடும் பிணைக்கப்படவில்லை. படகு.கட்டணத்தை_மாற்று என்று தட்டினால், படகு என்ற வகுப்போடு பிணைக்கப்பட்ட மெத்தட் என்று காட்டும். கடலரசி.கட்டணத்தை_மாற்று என்று தட்டினாலும் விடை அதுவேதான், வகுப்போடுதான் பிணைந்திருக்கும். எத்தனை பக்க விளக்கத்தையும்விட இந்த நான்கு வரிகள் தெளிவானவை.

கடைசியாகச் சொன்னதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பொருளின் பெயரால் கிளாஸ் மெத்தடை அழைப்பதைப் பைதன் தடுப்பதில்லை. கடலரசி.கட்டணத்தை_மாற்று(600) என்று எழுதியவர் கடலரசியின் கட்டணம் மட்டும் மாறும் என்று நினைத்திருப்பார். மாறியதோ எல்லாப் படகுகளின் கட்டணமும். மொழி அனுமதித்தாலும், கிளாஸ் மெத்தடை எப்போதும் வகுப்பின் பெயராலேயே அழையுங்கள்.

5. பொருளை உருவாக்கித் தரும் கிளாஸ் மெத்தட்

கிளாஸ் மெத்தடின் மிகப் பயனுள்ள பாவனை இதுதான் என்பது என் கருத்து. பொது மதிப்பை மாற்றும் கிளாஸ் மெத்தட்கள் ஒரு செய்திட்டத்தில் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். இந்த வகை அடிக்கடி வரும்.

படகுகளின் விவரம் ஒரு கோப்பில், வரிக்கு ஒரு படகாக, காற்புள்ளியால் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். தொடக்க மெத்தட் பெயரையும் இருக்கையையும் தனித்தனியே எதிர்பார்க்கிறது. கோப்பிலிருந்து வருவதோ ஒரே சரம். பிரிக்கும் வேலையைத் தொடக்க மெத்தடுக்குள் திணித்தால், சரம் வந்தால் இப்படி, இரண்டு மதிப்பு வந்தால் அப்படி என்று நிபந்தனைகள் குவியும். அதற்குப் பதிலாக வரியிலிருந்து என்றொரு கிளாஸ் மெத்தட் எழுதி, சரத்தைப் பிரித்து, இருக்கையை எண்ணாக மாற்றி, சிஎல்எஸ்ஸை அழைத்துப் புதிய பொருளைத் திருப்பிக் கொடுங்கள்.

அலைமகள் = படகு.வரியிலிருந்து("அலைமகள்,8")

இது ஏன் இன்ஸ்டன்ஸ் மெத்தடாக இருக்க முடியாது என்பதை 2ஆம் படியின் கேள்வியே சொல்லிவிடும். எந்தப் படகு என்று கேட்டால், அந்தப் படகு இன்னும் பிறக்கவே இல்லை.

பைதனோடு வரும் வகுப்புகளில் இந்த முறையை எங்கும் காணலாம். நாளைக் குறிக்கும் டேட் (date) வகுப்பில் டுடே (today) என்பது கிளாஸ் மெத்தட். இன்றைய நாளை ஒரு பொருளாக்கித் தருகிறது. எழுத்தில் உள்ள திகதியைப் பொருளாக்கும் ஃப்ரம்ஐசோஃபார்மட் (fromisoformat) கிளாஸ் மெத்தட். கையில் உள்ள திகதிப் பொருளை எழுத்தாக்கும் ஐசோஃபார்மட் (isoformat) இன்ஸ்டன்ஸ் மெத்தட். முழு எண்ணுக்கான இன்ட் (int) வகுப்பில் ஃப்ரம்பைட்ஸ் (from_bytes), டுபைட்ஸ் (to_bytes) என்ற இணையும் அவ்வாறே: பைட்டுகளிலிருந்து எண்ணை உருவாக்குவது கிளாஸ் மெத்தட், இருக்கும் எண்ணைப் பைட்டுகளாக்குவது இன்ஸ்டன்ஸ் மெத்தட். இந்த இணைகளை ஆவணத்தில் தேடிப் பக்கத்தில் பக்கமாக வைத்து வாசியுங்கள். கிளாஸ் மெத்தட்களுக்கு அங்கே அடையாளமும் இட்டிருப்பார்கள்.

பெரும்பாலானோர் விழும் பொறி அடுத்து வருகிறது. வரியிலிருந்து மெத்தடின் உள்ளே சிஎல்எஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் படகு என்று வகுப்பின் பெயரையே எழுதிவிடுகிறார்கள். இன்று அது சரியாகவே ஓடும். நாளை, பவளப்பாறை பார்ப்பதற்குக் கண்ணாடி அடித்தளம் கொண்ட படகுகளும் சேர்கின்றன என்று, படகை மேல் வகுப்பாகக் கொண்டு, அதன் மெத்தட்களைப் பெறும் கண்ணாடிப்படகு என்ற கீழ் வகுப்பை எழுதுகிறீர்கள்.

பவளம் = கண்ணாடிப்படகு.வரியிலிருந்து("பவளம்,6")

உள்ளே படகு என்று எழுதியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது சாதாரணப் படகு. பிழைச் செய்தி எதுவும் வராது. எங்கோ நூறு வரி தள்ளி, கண்ணாடிப்படகுக்கு மட்டும் உரிய மெத்தடை அழைக்கும்போதுதான் அப்படி ஒன்று இல்லை என்று பைதன் கைவிரிக்கும். சிஎல்எஸ் என்று எழுதியிருந்தால், புள்ளிக்கு முன்னால் நின்ற கண்ணாடிப்படகே அங்கே வந்திருக்கும். டேட்டின் வழிவந்த டேட்டைம் (datetime) வகுப்பில் டுடேயை அழைத்தால் நேரமும் சேர்ந்த பொருள் கிடைப்பது இதே ஒழுங்கால்தான்.

மேல்வரியை மறந்தால் இங்கே என்ன நடக்கும் என்பதையும் ஒரு முறை பார்த்து வையுங்கள். வகுப்பின் பெயரால் அழைத்தால், வரி என்ற ஆர்கியூமென்ட் இல்லை என்ற, 3ஆம் படியில் கண்ட அதே குழப்பமான செய்தி வரும். பொருளின் பெயரால் அழைத்தால், படகுப் பொருளை அழைக்க முடியாது என்ற இன்னும் விசித்திரமான செய்தி வரும்; சிஎல்எஸ்ஸின் இடத்தில் வகுப்புக்குப் பதிலாகக் கடலரசி வந்து நிற்பதே காரணம்.

6. பொது மதிப்பில் உள்ள மூன்று பொறிகள்

மெத்தட்களைச் சரியாகப் பிரித்த பின்னும் தவறான விடை வந்தால், காரணம் பெரும்பாலும் வகுப்பு மாறிகளில் இருக்கும். பைதன் ஒரு மதிப்பைத் தேடும் ஒழுங்கு இது: முதலில் பொருளுக்குள், பிறகு அதன் வகுப்பில், பிறகு மேல் வகுப்புகளில். ஆனால் எழுதும்போது தேடுவதில்லை. புள்ளிக்கு முன்னால் எது நிற்கிறதோ அதற்குள்ளேயே எழுதிவிடும். பொறிகள் மூன்றும் இந்த வேறுபாட்டிலிருந்து முளைப்பவை.

முதலாவது மறைப்பு. கடலரசி.கட்டணம் = 500 என்று எழுதினால் வகுப்பின் கட்டணம் மாறாது; கடலரசிக்குள் கட்டணம் என்ற புதிய மாறி ஒன்று உண்டாகும். அதன் பிறகு எத்தனை முறை படகு.கட்டணத்தை_மாற்று என்று அழைத்தாலும் கடலரசி 500இலேயே நிற்கும், மற்றவை எல்லாம் மாறும். கட்டணம் ஒரு படகுக்கு மட்டும் மாற மறுக்கிறது என்று யாராவது உங்களிடம் வந்தால், வார்ஸ் (vars) என்ற சார்புக்குள் அந்தப் பொருளைக் கொடுத்துப் பாருங்கள். பொருளுக்குள் உண்மையில் என்னென்ன இருக்கின்றன என்று அது காட்டிவிடும். கட்டணம் அங்கே தெரிந்தால் குற்றவாளி அகப்பட்டான்.

இரண்டாவது, பகிரப்பட்ட பட்டியல். பயணிகளின் பெயர்களைச் சேர்க்க வகுப்பின் உடலில் ஒரு வெற்றுப் பட்டியல் வைத்து, ஏற்று மெத்தடில் செல்ஃப் வழியாக அதில் பெயரைச் சேர்த்தால், கடலரசியில் ஏறியவர் அலைமகளின் பட்டியலிலும் தெரிவார். இங்கே நீங்கள் புதிய மதிப்பு எதையும் இடவில்லை. தேடிக் கண்டுபிடித்த பட்டியலுக்குள் சேர்த்தீர்கள், அந்தப் பட்டியலோ எல்லோருக்கும் ஒன்றே. பட்டியல், அகராதி போன்று உள்ளே மாறக்கூடியவற்றைத் தொடக்க மெத்தடுக்குள், செல்ஃபின் மேல் உருவாக்குங்கள். ஒரு படகை மட்டும் வைத்துச் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை ஒருபோதும் தென்படாது. ஆகவே எந்த வகுப்பையும் குறைந்தது இரண்டு பொருள்களை உருவாக்கிச் சோதியுங்கள்.

மூன்றாவது, எண்ணிக்கை. உருவாகும் படகுகளை எண்ண வேண்டும் என்று தொடக்க மெத்தடில் செல்ஃப் புள்ளி எண்ணிக்கை என்று எழுதி ஒன்றைக் கூட்டுகிறார்கள். கூட்டல் என்பது படித்துவிட்டு எழுதுவது: வகுப்பிலிருந்து சுழியத்தைப் படிக்கிறது, பொருளுக்குள் ஒன்று என்று எழுதுகிறது. எல்லாப் படகிலும் ஒன்று, வகுப்பில் சுழியம். சரி, சிஎல்எஸ் வழியாகக் கூட்டும் கிளாஸ் மெத்தட் எழுதுவோம் என்றால், கண்ணாடிப்படகு வந்ததும் அதுவும் பிசகும். படகில் 3 இருக்கும்போது கண்ணாடிப்படகு ஒன்று உருவானால், 3ஐப் படகிலிருந்து படித்து, 4ஐக் கண்ணாடிப்படகின் மேல் எழுதும். அதன் பின் இரண்டு வகுப்புகளும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கும், இரண்டும் தவறானவை. முழுத் தொகை ஒன்றே வேண்டுமானால் படகு.எண்ணிக்கை என்று வகுப்பின் பெயரையே எழுதிக் கூட்டுங்கள்.

5ஆம் படியில் வகுப்பின் பெயரை எழுதாதே என்றும், இங்கே எழுது என்றும் சொல்வது முரண் அல்ல. பொருளை உருவாக்கும்போது அழைத்த வகுப்பு எதுவோ அதன் பொருள் வேண்டும். எண்ணும்போது யார் அழைத்தாலும் ஒரே இடத்தில் எண்ண வேண்டும். கட்டணத்தை மாற்றும் மெத்தடில் இரண்டில் எது சரி என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. கண்ணாடிப்படகுக்குத் தனிக் கட்டணம் வேண்டுமானால் சிஎல்எஸ் சரி.

7. ஸ்டாட்டிக் மெத்தட்

பொருளும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம், ஆனால் வகுப்போடு தொடர்புள்ள சிறு வேலை என்றால் ஸ்டாட்டிக் மெத்தட். முதல் இடத்தில் பைதன் எதையும் வைக்காது. படகின் பெயரில் தடைசெய்த குறியீடுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது போன்றவற்றுக்கு இது போதும். அதை வகுப்புக்கு வெளியே சாதாரணச் சார்பாக வைத்தாலும் குறையில்லை. நான் பெரும்பாலும் அப்படித்தான் வைக்கிறேன்.

8. நினைவகமும் வேகமும்

ஆயிரம் படகுகளை உருவாக்கினால் ஏற்று மெத்தடும் ஆயிரம் பிரதியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. இன்ஸ்டன்ஸ் மெத்தடாக இருந்தாலும் அதன் சார்பு வகுப்பில் ஒரே ஒரு பிரதியாகவே இருக்கும். பொருளுக்குள் இருப்பவை பெயர், இருக்கை போன்ற மதிப்புகள் மட்டுமே. ஆகவே நினைவகத்தை மிச்சப்படுத்துவதற்காக மெத்தட்களைக் கிளாஸ் மெத்தட்களாக மாற்றாதீர்கள். வேகத்திலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

9. சோதனை எழுதும்போது

செய்நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கப் பைதனோடு வரும் யூனிட்டெஸ்ட் (unittest) இந்தப் பாடத்துக்கு நல்ல பயிற்சிக் களம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு ஓடும் செட்டப் (setUp) என்பது இன்ஸ்டன்ஸ் மெத்தட். வகுப்பு முழுவதற்கும் ஒரு முறை மட்டும் ஓடும் செட்டப்கிளாஸ் (setUpClass) என்பது கிளாஸ் மெத்தட், அதற்கு மேல்வரியையும் நீங்களே எழுத வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் யூனிட்டெஸ்ட் புதிய பொருளை உருவாக்குவதால், செல்ஃபின் மேல் வைத்தவை அடுத்த சோதனைக்குக் கசியாது. வகுப்பின் மேல் வைத்தவை கசியும். ஒரு சோதனையில் படகு.கட்டணத்தை_மாற்று(900) என்று அழைத்தால், அடுத்த சோதனை 900இலேயே தொடங்கும். தனியாக ஓட்டினால் தேறும் சோதனை, கூட்டமாக ஓட்டினால் தவறுகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். செட்டப்பில் கட்டணத்தையும் எண்ணிக்கையையும் ஆரம்ப மதிப்புக்குத் திருப்பி வைப்பதே மருந்து.

10. பழைய பாடங்களும் பிற மொழிகளும்

கிளாஸ்மெத்தட் மேல்வரியோடு, மெத்தடை அடைப்புக்குறி இல்லாமல் மாறியைப் போலப் படிக்க உதவும் ப்ராப்பர்ட்டி (@property) மேல்வரியையும் அடுக்கி எழுதும் உத்தியை இணையத்தில் சில பாடங்கள் இன்றும் சொல்லித் தருகின்றன. பைதன் 3.9இல் அது சேர்க்கப்பட்டது, 3.11இல் கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது, 3.13இல் நீக்கப்பட்டது. உங்கள் கணினியில் உள்ள பதிப்பைப் பார்த்துவிட்டே அத்தகைய பாடங்களைப் பின்பற்றுங்கள்.

அடுத்த தவணையில் ஜாவாவுக்குப் போகிறவர்கள் அங்குள்ள ஸ்டாட்டிக் மெத்தடைப் பைதனின் கிளாஸ் மெத்தடோடு ஒன்றாக எண்ண வேண்டாம். ஜாவாவில் அது எந்த வகுப்பின் வழியாக அழைக்கப்பட்டது என்ற தகவலைப் பெறுவதில்லை. ஆகவே 5ஆம் படியின் கண்ணாடிப்படகு உத்தி அங்கே செல்லாது. கீழ் வகுப்பில் அதே பெயரில் எழுதினால், மேல் வகுப்பினுடையதை அது மறைக்குமே தவிர, இன்ஸ்டன்ஸ் மெத்தடைப் போல் மேலெழுதாது. செய்நிரல் தொடங்கும் மெயின் மெத்தட் வழக்கமாக ஸ்டாட்டிக்காக எழுதப்படுவதால், அதற்குள்ளிருந்து பொருளை உருவாக்காமல் இன்ஸ்டன்ஸ் மெத்தடை அழைக்க முயல்வதே புதியவர்கள் ஜாவாவில் காணும் முதல் பிழைகளில் ஒன்று. பொருளின் பெயரால் ஸ்டாட்டிக் மெத்தடை அழைப்பதை ஜாவா அனுமதிக்கும். சி ஷார்ப் அனுமதிக்காது. ஜாவாஸ்கிரிப்டிலும் ரூபியிலும் அப்படி அழைத்தால் அந்தப் பெயரில் மெத்தட் இல்லை என்ற பிழையே வரும். பைதனின் தாராளத்துக்குப் பழகிய கை அங்கே தடுமாறும்.

வகுப்புகளைப் படமாகக் காட்டும் குறிமுறையான யூஎம்எல்லில் (UML) வகுப்புப் படம் வரையச் சொன்னால், வகுப்புக்கு உரிய மாறிகளையும் மெத்தட்களையும் அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும். பொருளுக்கு உரியவற்றுக்கு அடிக்கோடு இல்லை. 2ஆம் படியில் கொப்பியில் கீறிய இடப்பக்க நிரலில் உள்ளவற்றுக்கும், கிளாஸ் மெத்தட் என்று முடிவெடுத்த வேலைகளுக்கும் கீழே ஒரு கோடு இழுத்தால், ஒப்படைக்க வேண்டிய படத்தில் பாதி தயாராகிவிடும்.